முப்பது தையல் எந்திரங்களும் ஒரு தாம்பாளமும்

நாரணாபுரம் சமுதாயக் கூடத்தில் முப்பது தையல் எந்திரங்கள் வரிசையாக நின்றன. முப்பது நாற்காலிகளும் இருந்தன. ஒன்றில்கூட ஆள் இல்லை.

பள்ளி விட்டு வந்த வேல்விழி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்புக்காரியான அவளுக்குப் புது எந்திரத்தைக் கண்டால் கால் நகராது.

“உள்ளே வா தங்கச்சி. நீயாவது வந்தியே!” என்றார் ஹாஃபிஸா. விருதுநகரிலிருந்து வந்திருந்த இளம் பெண். அரசாங்கத்தின் தையல் பயிற்சிக்கு அவர்தான் பொறுப்பாளர்.

“யாருமே வரலையாக்கா?”

“வரலையே! இந்த வருசம் நம்ம மாவட்டத்துல இத்தனை பொம்பளைகளுக்குப் புது வேலை குடுக்கணும்னு அரசாங்கம் இலக்கு வச்சிருக்கு. அதுல இந்த ஊருக்கு முப்பது பேர். தையல் பழகுற நாளுக்கும் படி உண்டு. பழகி முடிச்சா ஆயத்த ஆடைக் கம்பெனியில வேலை. ஆட்டோவுல மைக் கட்டி எல்லாத் தெருவுலயும் சொல்லியாச்சு.”

“ஆள் வரலைன்னா?”

“வெள்ளிக்கிழமை லாரி வரும். எந்திரமெல்லாம் வேற ஊருக்குப் போயிரும்.”

வேல்விழி அந்த எந்திரங்களை இன்னொரு முறை பார்த்தாள். அவள் அம்மா பாண்டிலட்சுமி பட்டாசுக் கம்பெனியில் வெடிகளுக்குள் மருந்து செலுத்துகிறாள். வேலை நாளெல்லாம் கையில் அந்த மருந்தின் வெள்ளி நிறப் பவுடர் ஒட்டியிருக்கும். அந்தக் கையால் மகளைத் தொடமாட்டாள். தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருக்கும் இந்த நாட்களில்தான் வேல்விழிக்கு அம்மா கையால் சடை.

அம்மாவுக்குத் தையல் என்றால் உயிர். கிழிந்த சீருடையை ஊசியால் அவள் தைத்தால், கிழிசல் எங்கே என்று தேட வேண்டும்.

வேல்விழி வீட்டுக்கு ஓடினாள்.

“அம்மா, தையல் பழக ஏன் போகல?”

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. “எனக்கும் ஆசைதான் புள்ள. யாரு கூப்பிட்டா?”

“அதான் மைக்குல கூப்பிட்டாகளே!”

“மைக்குலயா? மீன் விக்கிறவரும்தான் மைக்குல கூப்பிடுதாரு. அதுல வேற, ‘வேலை இல்லாதவங்க வாங்க’ன்னு! கம்பெனி ஒரு மாசம் மூடுனா நாம வேலை இல்லாதவகளா? அழையாத வீட்டுல போய் நிக்கிற குடும்பம் இல்ல நம்மது.”

எதிர்வீட்டு சுப்புத்தாய்ப் பெரியம்மாவும் அதையேதான் சொன்னார். தெருவில் ஒரு விசேஷம் என்றால் முதல் அழைப்பு அவருக்குத்தான். அவர் கிளம்பினால் தெருவே கிளம்பும். அவர் உட்கார்ந்துவிட்டால் ஒருவரும் அசைய மாட்டார்கள்.

வேல்விழிக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாருக்கும் தையல் பிடிக்காமல் இல்லை. யாரையும் முறையாக அழைக்கவில்லை. அவ்வளவுதான்!

மறுநாள் பள்ளி விட்டதும், “அம்மா, பித்தளைத் தாம்பாளம் வேணும்” என்றாள்.

“யாரு வீட்டு விசேஷம்?”

“ஊர் விசேஷம்மா!”

வெற்றிலை, பாக்கு, கல்கண்டு, சந்தனக் கிண்ணம். எல்லாம் வைத்த தாம்பாளத்தோடு கூடத்துக்குப் போய் நின்றாள். சேதியைக் கேட்டதும் ஹாஃபிஸா நெற்றியில் தட்டிக்கொண்டார்.

“எங்க அக்கா கல்யாணத்துக்கு எங்கம்மாவும் இப்படித்தானே வீடு வீடாப் போய்க் கூப்பிட்டாக! எனக்குத் தோணாமப் போச்சே!”

அவர் வேகமாக முதல் தெருவில் திரும்பப் போனார். வேல்விழி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அங்கன இல்லக்கா! மொதல்ல பெரியம்மா வீடு. மாத்திப் போனா எல்லாம் கெட்டுரும்.”

சுப்புத்தாய்ப் பெரியம்மா தாம்பாளத்தைப் பார்த்தார். ஹாஃபிஸாவைப் பார்த்தார். “யாரு தாயி நீங்க? யாரு அனுப்பி வந்திருக்கீக?”

“அரசாங்கம் அனுப்புச்சும்மா.”

“அரசாங்கத்துக்கு என் வீடு தெரியுமாக்கும்?”

“நேத்து வரைக்கும் தெரியலம்மா. இன்னைக்கு இந்தப் புள்ள காட்டுச்சு. மைக்குல ‘வேலை இல்லாதவங்க’ன்னு கூப்பிட்டது எங்க தப்பு. வேலை செஞ்சு பழகுன கைதான் எங்களுக்கு வேணும். வந்து நடத்திக் குடுங்க.”

பெரியம்மா உடனே இறங்கிவரவில்லை. வேல்விழியின் பக்கம் திரும்பினார். “ஏ புள்ள, உங்காத்தா போறாளா?”

எதிர்வீட்டு ஜன்னலில் அம்மாவின் முகம் தெரிந்தது. வேல்விழி ஒரு நொடி யோசித்தாள்.

“அம்மாவை இன்னும் கூப்பிடல பெரியம்மா. மொத வீடே உங்க வீடுதான்.”

பெரியம்மாவின் முதுகு நிமிர்ந்தது. சந்தனத்தைத் தொட்டுக் கழுத்தில் பூசினார். கல்கண்டை எடுத்து வாயில் போட்டார்.

“எனக்கு இனிமே ஊசியில நூல் கோக்க முடியாது. என் மருமக வருவா. மொத நாள் நானும் வந்து பாப்பேன். சரியா நடக்கலைன்னா கையோட கூட்டிட்டு வந்துருவேன், ஆமா!”

அடுத்தது வேல்விழியின் வீடு.

அம்மா அதற்குள் முகம் கழுவி, பொட்டு வைத்து, வாசலுக்கு வந்துவிட்டாள். சொந்த மகளையே பார்த்து, “வாங்க, உள்ள வாங்க” என்றாள். வேல்விழிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனாலும் முறை முறைதான். தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

“நீங்க அவசியம் வரணும்.”

“வாரேன். கூப்பிட வந்தவகளுக்குக் காப்பி குடுக்காம அனுப்புற வழக்கம் இந்த வீட்டுல இல்ல. உக்காருங்க.”

அந்த வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. கடைசி வீட்டுக்குள் நுழையும்போது ஹாஃபிஸா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “தங்கச்சி, அரசாங்க இலக்கை எட்ட எம்புட்டுக் காப்பி குடிக்கணும்?”

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. கூடத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்ததால், ஓட்டுநருக்கு உள்ளே கால் வைக்க இடமில்லை. கல்யாணத்துக்குக் கட்டும் சேலைகளில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். சுப்புத்தாய்ப் பெரியம்மா நடு நாற்காலியில் அமர்ந்து, மருமகளின் தையலைக் கண் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாஃபிஸா கைப்பேசியில் கத்தினார். “சார், இலக்கைத் தாண்டியாச்சு! லாரியைத் திருப்பி அனுப்புறேன். இன்னும் எந்திரம் இருந்தா அதுல ஏத்தி விடுங்க!”

அம்மா ஒரு எந்திரத்தின் முன் நேராக உட்கார்ந்திருந்தாள். துணியை வைத்துப் பெடலை மிதித்தாள். ஊசி கடகடவென்று ஓடியது. புத்தகப் பையோடு வேல்விழி பக்கத்திலேயே நின்றாள்.

அம்மா தலை நிமிராமலே சொன்னாள்: “மணி அடிக்கப் போகுது, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு புள்ள. எனக்கு வேலை கெடக்கு.”