கடைசி டைல் போடவேண்டிய இடம்

நிமிர்ந்து கதவைப் பார்க்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் உள்சுவர் ஓரத்தில் தொடங்கி, பின்னாலேயே நகர்ந்து வாசலுக்கு வருவார்கள். வீட்டுக்காரர் வாசலில் தொடங்கி உள்ளே போனார். இப்போது கதவு அங்கே, நடுவில் காயாத முப்பத்தைந்து டைல்கள், இந்த மூலையில் மிச்சமிருந்த ஒரே சதுரத்தில், கடைசி டைலைக் கையில் பிடித்தபடி கொக்கு மாதிரி இவர். மூன்று வீடியோ பார்த்துவிட்டு, முப்பது வருடக் கொத்தனாருக்குப் பாடம் எடுத்தவர்.

மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"அங்க நின்னு என்ன பண்றீங்க?"

"அழகு பாக்கறேன்."

"எப்படி வெளிய வருவீங்க?"

"காஞ்சதும்."

"எப்பக் காயும்?"

"நாளைக்கு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வர்றேன். எங்கயும் போயிடாதீங்க, என்ன?"

தெருக்கதவு சாத்திக்கொண்டது. மழை மேகம் கட்டியிருந்ததால் மதியமே அறைக்குள் வெளிச்சம் மங்கி, ஈரச் சிமெண்டின் வாடை தொண்டைவரை வந்து உட்கார்ந்தது. எங்கோ குழாய் சொட்டுவதும் தன் மூச்சும் தவிர வேறு சத்தமில்லாத அந்த அமைதியில், வாசலை ஒட்டிய முதல் டைலில் அது கேட்டது.

டொக். டொக்.

காயும்போது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். வீடியோவில் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அடுத்த டைலில், டொக், டொக். நடுவில் ஒரு சின்ன இடைவெளி, யாரோ காதை வைத்துக் கேட்பது போல. அந்தப் பழக்கம் இவருக்குத் தெரியும். ஒவ்வொரு டைலையும் கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் கொத்தனார் அடுத்ததுக்குப் போவார். "உள்ள காத்து இருந்தா தட்டினாத் தெரிஞ்சிடும் சார்."

அந்தக் கொத்தனார் மாடிச் சுவர் பூசும்போது சாரத்திலிருந்து விழுந்து இறந்து இரண்டு மாதமாகிறது. சாரத்துப் பலகை இவர் கொடுத்தது, உளுத்தது. "தாங்கும்யா, ஏறு" என்றது இவர்தான். விசாரிக்க வந்தவர்களிடம், "குடிச்சிட்டு ஏறினாரு" என்றதும் இவர்தான். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர். அவர் மனைவி வாசலில் வந்து நின்று, "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டபோது, போன் வந்ததுபோல் உள்ளே போய்விட்டார். அதன்பிறகு எந்தக் கொத்தனாரைக் கூப்பிட்டாலும், "கைவேலை இருக்கு சார்" என்று நழுவினார்கள். அதனால்தான் கரண்டி இவர் கைக்கு வந்தது.

இரண்டாம் வரிசை முடிந்தது. மூன்றாவது.

சத்தம் மேலிருந்து வரவில்லை. அடியிலிருந்து.

டைல் கெட்டால் கெடட்டும் என்று ஒரு காலை எடுத்து வைத்தார். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். இரண்டு விரல் கனத்துக் கலவைக்கு அடியில் பழைய கான்கிரீட் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. கணுக்கால்வரை போனது. ஜில்லென்று ஏதோ குதிகாலைச் சுற்றிக்கொண்டது. உதறி இழுத்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. டைல் தானாகவே மேலே வந்து படிந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. அவ்வளவு சுத்தமான வேலை.

நான்காம் வரிசை. ஐந்து.

"யாரது?" குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

டொக். டொக்.

பக்கத்து டைல்.

"தப்புப் பண்ணது நான்தான்யா! பலகை உளுத்ததுன்னு தெரியும். நீ குடிக்கல. நான் சொன்னது பொய்!"

தட்டல் நின்றது.

குழாய்கூடச் சொட்டவில்லை. கடைசி டைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைபோல் தேம்பினார். "உன் சம்சாரத்துக்கிட்ட நானே போய்ச் சொல்றேன். ஊரைக் கூட்டிச் சொல்றேன். என்னை விட்டுடுவியா?"

பாதங்கள் நனைந்தன. குனிந்து பார்த்தார். முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் தரை இருந்தது.

மிக அருகில், அதே பணிவான குரல்.

"இல்ல சார். இன்னும் கொஞ்சம் கீழ எறங்குங்க. கையில இருக்கறதப் போடணும்."