விட்டுப்போன வாசல்

பாட்டை முடித்துத் தங்கை வாயை மூடிவிட்டாள். திரையில் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது.

அக்காவுக்குப் புரியவில்லை. பதினோரு வருடமாக இதே ஒலிப்பதிவுக்கூடத்தில் குப்பை கொட்டுகிறாள்; கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அந்தச் சின்ன அறையில் தங்கையையும் மைக்கையும் தவிர எதுவும் இல்லை.

காவல் கேட்கும் பாட்டு அது. உடம்புதான் வீடு, ஒவ்வொரு உறுப்பும் ஒரு வாசல். தீச்சிறகே, கண்வாசலில் நில். வாள்முனையே, தொண்டைவாசலில் நில். இப்படியே பாதம் வரை. நான்கு நிமிடத்துக்குள் வேண்டும் என்றார் தயாரிப்பாளர். காலையில் அக்கா பேனாவை எடுத்து ஒரு சரணத்தை அடித்தாள். வயிற்றுக்கான சரணம்.

"ஒரு வாசலை விட்டுட்டுப் பாடக் கூடாதும்பாங்கக்கா" என்றாள் தங்கை. அவளுக்கு இது ஏழாம் மாதம்.

"உன் வயிறு தெருமுனையிலேர்ந்தே தெரியுதுடி. கடவுளுக்குத் தெரியாதா? போய்ப் பாடு."

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள்.

இப்போதோ கோடு துடிப்பது நிற்கவில்லை. அக்கா ஏ.சி.யை நிறுத்தினாள். செல்போன்களை அணைத்தாள். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பதிவான பாட்டை மறுபடி ஓடவிட்டாள். மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே, வெட்டிய சரணம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம். நின்றது. மறுபடி இழுத்தது. முதலில் கதவோரம். பிறகு மைக்கின் அருகே. பிறகு மைக்கின் கீழே.

அறைக்குள் பேசும் பொத்தானை அழுத்தினாள்.

"அந்தச் சரணத்தைப் பாடுடி. இப்பவே."

"எந்தச் சரணம்?"

"காலையில அடிச்சேனே, அது!"

தங்கை தாளைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "ஞாபகம் வரலையேக்கா. அடிச்சதுல எழுத்தும் தெரியல."

பத்து வயதிலிருந்து இருவரும் தினமும் பாடிய பாட்டு. அக்கா தானே பாட வாயைத் திறந்தாள். மார்பு வந்தது. இடுப்பு வந்தது. நடுவில் வெறும் காற்று.

"வெளியே வா. பாட்டு வேணாம். வந்துடு!"

தங்கை வரவில்லை. இரண்டு கைகளாலும் மைக் கம்பியைப் பிடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. உதடுகள் இறுக மூடியிருந்தன.

ஹெட்போனில் ஒரு குரல். மிகச் சின்னது. தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல.

"அம்மா... வாசல்ல யாருமே இல்லம்மா."

அக்கா கதவுக்குப் பாய்ந்தாள். கைப்பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. கண்ணாடியில் அறைந்தாள்.

தங்கை மெல்லக் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள்.

இறுக்கமான நீலத் துணியில் ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. மூன்று. நான்கு. வெளியிலிருந்து உள்ளே அழுத்தும் விரல்கள், கை மட்டும் இல்லாமல்.

ஐந்தாவது குழி, மெதுவாக, ஆழமாக இறங்கியது.