பச்சை கேன் ஊற்றிய மூன்று லாரிகள்

செவ்வாய்க்கிழமை, காலை 7.20.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி இருந்த லாரி ஷெட்டில், மெக்கானிக் தமிழ்மணி ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை வெயிலில் நீட்டினார். செத்துப்போன பம்பிலிருந்து வடித்த டீசல் அதில் கொஞ்சம் நின்றது. யாரோ ஜிகினாப் பொடியைக் கரைத்துவிட்டதுபோல அது மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"அவ்வளவும் இரும்புத் தூளு. பம்பு தன்னத்தானே அரைச்சுக்கிட்டு செத்துப்போச்சு. எட்டு நாள்ல இது ரெண்டாவது" என்றார்.

சத்யப்பிரியா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேதியியல் படித்துவிட்டு சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். ஷெட்டும் ஆறு லாரிகளும் அவள் தாய்மாமன் கலியபெருமாளுடையவை. டீசல் பம்புக்குத் தனியாக எண்ணெய் கிடையாது, உள்ளே ஓடும் டீசலின் வழவழப்புதான் அதைக் காப்பாற்றுகிறது, கந்தகம் நீக்கிய டீசலில் அந்த வழவழப்பு குறைவு, அடிட்டிவ் என்று விற்கும் சேர்மானத் திரவத்தைக் கொஞ்சம் கலந்தால் பம்பு நீடிக்கும் என்றெல்லாம் மாமாவுக்குப் பாடம் எடுத்தவள் அவள்தான். கடைசியில் இரண்டு கம்பெனிச் சரக்கு தேறின, ஒன்று பச்சை கேனில், மற்றது சிவப்பு கேனில். மூன்று லாரிக்குப் பச்சை கேன், மூன்று லாரிக்குச் சிவப்பு கேன், ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று ஏற்பாடு.

மூன்று வாரத்தில் பச்சை கேன் லாரிகள் இரண்டு படுத்துவிட்டன. சிவப்பு கேன் லாரிகள் மூன்றும் வடலூருக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தன.

"அப்ப பச்சைதான் மோசமா, மாமா?" என்றாள்.

"பச்ச மோசம்னா மூணாவது பச்ச வண்டி எப்புடி ஓடுது?" கலியபெருமாள் ஓரமாக நின்ற டிரைவர் சிங்காரத்தைக் கை காட்டினார். "இவன் வண்டிக்கு மட்டும் ஒண்ணும் ஆவல. செவப்பு கேன் ஏஜெண்டு யாரு தெரியுமா? இவன் மச்சான்! மச்சானுக்கு ஆர்டர் கெடைக்கணும்னு மத்த ரெண்டு வண்டியிலயும் எதையோ ஊத்திட்டான்."

"மொதலாளி, பன்னெண்டு வருசமா உங்க வண்டிய ஓட்டுறேன்" என்றார் சிங்காரம்.

"அதான் தைரியம் ஜாஸ்தியாயிடுச்சு."

சிங்காரத்தின் லைசென்ஸ் கலியபெருமாளின் மேசை டிராயருக்குள் போனது. "சாயங்காலம் நாலு மணி வரைக்கும் டைம். ஒத்துக்கலன்னா ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

7.50. டீசல் மாதிரி எடுக்க, சத்யப்பிரியா பாட்டில்களோடு பச்சை கேன் லாரிகள் மூன்றின் டேங்குகளிடம் போனாள். எல்லா டேங்க் மூடியிலும் பூட்டு. ஒன்றிலும் நெம்பிய தடமோ கீறலோ இல்லை. படுத்துப்போன லாரியின் டிரைவர் பாண்டியன் இஞ்சினில் தொங்கிய சாவிக்கொத்தைக் கழற்றி வந்து திறந்தார். போன வாரம் படுத்த லாரியிலும் அப்படியே. சிங்காரம் மட்டும் திரும்பி நின்று, கைலியைத் தளர்த்தி, இடுப்பில் எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கழுத மாதிரி வயசாவுது, இன்னும் அரணாக்கயித்துல சாவி. குளிக்கிறப்பயும் டேங்க்கு காவலு" என்று சிரித்தார் தமிழ்மணி.

"பொண்டாட்டி கட்டிவுட்டதுண்ணே. ரெண்டு வாட்டி தொலைச்சேன்" என்றார் சிங்காரம்.

காலை 9.40. ஆய்வகம். சிங்காரத்தின் டீசல், பங்க் ரசீதில் போட்டிருந்த அடர்த்திக்குச் சரியாக இருந்தது. மற்ற இரண்டும் நீர்த்துக் கிடந்தன. மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது, மண்ணெண்ணெய். டீசலை விட வறண்ட சரக்கு, வழவழப்பே கிடையாது. இந்த அளவுக்குக் கலந்தால் பச்சை கேனும் காப்பாற்றாது, சிவப்பு கேனும் காப்பாற்றாது.

அப்பாடா, அடிட்டிவ் மேல் தப்பில்லை. ஆனால் அடுத்த கேள்வி உடனே வந்தது. பூட்டிய டேங்குக்குள் மண்ணெண்ணெய் எப்படிப் போனது? சிங்காரம் ஊற்றினார் என்றால் அடுத்தவர் சாவி அவருக்கு ஏது? டிரைவர்களே ஊற்றினார்கள் என்றால், தங்கள் வண்டியைத் தாங்களே கொன்று நடுரோட்டில் நிற்பார்களா? ஒரு முடிச்சை அவிழ்த்தால் இன்னொன்று இறுகியது. சிங்காரத்துக்கு எதிரான சந்தேகமும் கூடத்தான் செய்தது. மூன்றில் சுத்தமான டேங்க் அவருடையது ஒன்றுதான்.

11.10. மறுபடி ஷெட்.

"சிங்காரண்ணே, நேரா கேக்குறேன். மண்ணெண்ண கலந்தீங்களா?"

"இல்ல பாப்பா."

"யாரு கலந்திருப்பாங்க?"

"தெரிஞ்சா சொல்லமாட்டனா?"

"மத்த ரெண்டு பேருக்கும் இல்லாத எது உங்ககிட்ட இருக்கு?"

சிங்காரம் தலையைச் சொறிந்தார். "ஒண்ணுமில்லயே. ஒரே பங்க்ல அடிக்கிறோம். ஒரே தீவன மூட்டை ஏத்துறோம். மூணு பேரும் சிதம்பரம் குடோனுக்குத்தான் போறோம்."

மூணு பேரும் சிதம்பரம். சத்யப்பிரியா அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். மறந்துபோகாமல் இருக்கட்டுமே என்று சிதம்பரம் போகும் மூன்றுக்கும் பச்சை, வடலூர் போகும் மூன்றுக்கும் சிவப்பு எனப் பிரித்தவள் அவளேதான். மூன்று வாரமாக கேன்களை ஒப்பிடுவதாக நினைத்து, இரண்டு ஊர்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மாமா, கார எடுங்க."

மதியம் 1.15. சிதம்பரம் புறவழிச்சாலை ஓரம் இருந்தது தீவனக் குடோன். இரும்புத் தூண், தகரக் கூரை, சிமெண்டுத் தரை. கேட்டில் வேறு யாருடைய லாரியோ நின்றது. குடோன் சூப்பர்வைசர் பழனிவேல், உருண்டையான முகமும் பளிச்சென்ற சட்டையுமாக, டிரைவரிடம் கையை நீட்டினார். டிரைவர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு எண் போட்ட தகர டோக்கன் ஒன்றை வாங்கிக்கொண்டு சாப்பிடக் கிளம்பினார்.

"சாவி எதுக்கு சார்?" என்று கேட்டாள் சத்யப்பிரியா.

"ரூல்ஸும்மா. மூட்ட எறக்குறப்ப ஒருத்தன் வண்டிய நவுத்தி லோடுமேன் கால் போயிடுச்சு. எறக்கி முடிக்கிற வரைக்கும் சாவி எங்கிட்டதான்."

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"ரெண்டு மணி நேரம்."

குடோனின் பின்பக்கம் நீல நிற பேரல்கள் மூன்று நின்றன. காற்றில் மண்ணெண்ணெய் வாடை.

"அது?"

"கரையானுக்கு அடிக்கிறது."

இரும்பையும் சிமெண்டையும் தின்னும் கரையானைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள். "எங்க நெலம ரொம்ப மோசம் சார். பாண்டியன் வண்டி பம்பு போச்சு. இன்னிக்கு சிங்காரம் வண்டி பம்பும் போயிடுச்சு. டேங்க்ல ஒரே மண்ணெண்ண."

"சிங்காரம் வண்டியா? அது எப்புடிப் போவும்?" பழனிவேல் படபடத்தார். "அவன் கொத்துலதான் டேங்க் சாவியே கெடையாதே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கலியபெருமாளுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இவருதான் மாமா" என்றாள் சத்யப்பிரியா. "கேட்டுல குடுக்குற கொத்துல இஞ்சின் சாவியோட டேங்க் சாவியும் சேந்து வருது. அவுங்க சாப்பிடப் போற நேரத்துல டீசல உறிஞ்சிட்டு, டீசல் மீட்டர் முள்ளு எறங்காம இருக்க மண்ணெண்ணய ஊத்தி வச்சிருக்காரு. பூட்ட யாரும் ஒடைக்கல, நாமளேதான் தெனமும் சாவிய குடுத்திருக்கோம். சிங்காரண்ணன் இஞ்சின் சாவிய மட்டும் குடுத்திருக்காரு. டேங்க் சாவி அவரு இடுப்புல. நாம அத கண்ணால பாத்து சிரிச்சோம். அவரு கொத்துல அந்தச் சாவி இல்லங்கிறது, தொறக்கப் பாத்தவனுக்குத்தான தெரியும்?"

"ஏய்யா, தீவாளிக்கு எங்கிட்ட ஸ்வீட் பாக்ஸ் வாங்கித் தின்னியே..." என்று கலியபெருமாள் சட்டைக் கையை மடக்கினார். குடோன் முதலாளியும் போலீஸும் வரும்வரை மாமாவைப் பிடித்து நிறுத்துவதே சத்யப்பிரியாவுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

மாலை 3.50. ஷெட். கலியபெருமாள் டிராயரைத் திறந்து லைசென்ஸை எடுத்து நீட்டினார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். "டீ சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்.

சிங்காரம் லைசென்ஸைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார். "சாப்டல மொதலாளி. எறங்கல."

பிறகு சத்யப்பிரியாவிடம் திரும்பினார். "பாப்பா, நீ படிச்சவ. காலையில அவரு என்னைத் திருடன்னு சொன்னப்ப நீயும் தட்டையேதான் பாத்துக்கிட்டு நின்ன."



"சரி, அதெல்லாம் வுடு" என்றார் கலியபெருமாள். "பச்சயா, செவப்பா? எதத்தான் வாங்குறது?"

"தெரியல மாமா. மூணு வாரமும் வீண். மொதல்லேருந்து பண்ணணும்."

"இன்னமுமா தெரியல!"

அவள் ஒரு தாளைக் கிழித்து ஆறு சீட்டுகளில் ஆறு லாரி எண்களை எழுதி மடித்தாள். எது பச்சை, எது சிவப்பு என்று இந்த முறை அவள் பிரிக்கப்போவதில்லை. தமிழ்மணியின் தொப்பியில் போட்டுக் குலுக்கினாள். முதலில் வரும் மூன்றும் பச்சை, மிச்சம் சிவப்பு. எந்த லாரியும் ஒரே ஊருக்கே போகக்கூடாது, மாறி மாறித்தான் போகவேண்டும்.

தமிழ்மணி கையை நீட்டினார். அவள் தொப்பியை இழுத்துக்கொண்டாள். கலியபெருமாள் நீட்டினார். அவருக்கும் தரவில்லை. நேராகப் போய் சிங்காரத்தின் முன்னால் நின்றாள்.

"நீங்க எடுங்கண்ணே."

"என் மச்சான் கேனும் இதுல இருக்கு பாப்பா" என்றார் சிங்காரம்.

"தெரியும். எடுங்க."

அவர் ஒரு கணம் முதலாளியைப் பார்த்தார். பிறகு கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, தொப்பிக்குள் விட்டார்.