லாபம், ரெண்டு, மூணு

சாலைக்கடை பஜாரில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த தாணுலிங்கத்துக்கு, மலையேற்றம் என்பது இறங்கி வருவதற்காக மெனக்கெட்டு மேலே போகிற வேலை. ஆனாலும் நகரத்துப் பிள்ளைகள் அதற்கு வரிசையில் நின்றார்கள். வியாபாரி விடுவாரா? சனிக்கிழமைதோறும் போனக்காடு தேயிலை எஸ்டேட்டுக்கு மேலே ஆட்களை நடத்திக் கூட்டிப்போனார்.

அன்று நான்கு ஐ.டி. பையன்கள். கூடவே, அடம்பிடித்து வந்த ஒன்பது வயது மகள் ஆதிரா. "புள்ளைய பத்திரமா கொண்டு வந்து சேக்கணும்" என்று மனைவி ரேஷ்மி இரண்டு தடவை சொல்லியிருந்தாள். வழிகாட்டி ஷிஜி, எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள்.

இறங்கும்போது மணி மூன்று. மூடுபனி வந்தது.

முதலில் எதிர்மலை மறைந்தது. பிறகு பாதை. பிறகு அவருடைய கால்களே. ஈரத் தேயிலையின் வாசத்துக்கு அடியில், பல வருடம் திறக்காத பெட்டியின் வாசம்.

ஷிஜி ஒரு கயிற்றை நீட்டினாள். "எல்லாரும் இதப் பிடிச்சிட்டு வாங்க. பின்னாலருந்து ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லணும். ஒரு எண்ணமும், ஒரு நம்பர்கூட, விட்டுறக் கூடாது, கேட்டீங்களா அண்ணாச்சி?"

கடைசியில் நின்ற தாணுலிங்கம் ஆரம்பித்தார். "லாபம்."

"ரெண்டு" என்றாள், அவருக்கு முன்னால் நின்ற ஆதிரா. பையன்கள் ஆறு வரை முடித்தார்கள்.

"ஒண்ணு எங்க?" என்றாள் ஷிஜி.

"அதுதான் லாபம். கடையில மொதப் படிய அப்படித்தான் அளப்போம். ஒண்ணுன்னு சொன்னா எங்கப்பா மண்டையில குட்டுவாரு."

"அது அரிசிக்கு அண்ணாச்சி. இங்க விட்ட எண்ணத்துக்கு ஆளு வரும்."

"வரட்டும். அவனுக்கும் டிக்கெட் போட்டுருவோம்."

பையன்கள் சிரித்தார்கள். ஷிஜி சிரிக்கவில்லை.

பத்து நிமிடம் நடந்திருப்பார்கள். "எண்ணுங்க" என்றாள் ஷிஜி. தாணுலிங்கம் வாயைத் திறக்குமுன், அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"ஒண்ணு."

ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி இருந்தது.

திரும்பினார். யாருமில்லை. கயிறு அவர் கையோடு முடிந்தது.

"ஒண்ணு நாந்தான்" என்றார் அவசரமாக. "ஒண்ணு நான்."

பின்னால் சத்தமில்லை. தப்பித்தோம் என்று மூச்சுவிட்டபோது, ஏதோ குளிர்ச்சியாக அவர் தோளை உரசி முன்னால் போயிற்று.

"ரெண்டு."

அதே குரல்.

"அப்பா, நான் சொல்லல."

மகளை வாரி எடுத்துக்கொண்டார். கயிற்றை விடவும் இல்லை, நிற்கவும் இல்லை. முள் கீறியது தெரியவில்லை. கீழே ஜீப்பின் விளக்கு மங்கலாகத் தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

எல்லோரும் ஏறினார்கள். கதவைப் பிடித்தபடி ஷிஜி சொன்னாள்: "கடைசியா ஒரு தடவ."

சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் நம்புகிற வழக்கம் தாணுலிங்கத்துக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆதிராவின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தன் எண்ணைச் சொன்னார்.

"ஒண்ணு."

கைக்கு அடியில் அவள் உதடு அசையவில்லை.

"ரெண்டு."

அதே ஈரக்குரல். ஜீப்புக்குள்ளிருந்துதான் வந்தது.

மூணு, நாலு, அஞ்சு, ஆறு. பையன்கள் உற்சாகமாக முடித்தார்கள்.

"சரியா இருக்கு" என்று ஷிஜி கதவைச் சாத்தினாள். வண்டி நகர்ந்தது.

ஆதிரா அவர் கையை விலக்கி, மெல்லக் கேட்டாள்: "அப்பா, ஷிஜியக்கா ஏன் என்னப் பாக்கவே மாட்டேங்குறாங்க?"

அந்தப் பக்கம் இருந்த பையன் முதுகுப்பையைக் கழற்றி, காலி இடத்தில் வைப்பதுபோல, அவள் மடியில் வைத்தான்.