கூடுதலாக இருந்தால் எடுக்கப்படும்

துடியலூர் தாண்டி, யஷ்வந்தின் அப்பா மூடிப்போட்ட நூல் மில்லில்தான் எங்கள் கம்பெனி. மில் ஓடியபோது இருந்த சத்தம் இல்லை, சம்பளமும் இல்லை.

யஷ்வந்த் ஒரு கருவி எழுதியிருந்தான். ஒரு டேட்டாபேஸை இன்னொரு சர்வரில் நகலெடுத்து, இரண்டையும் எப்போதும் ஒரேபோல வைத்திருக்கும். மூலத்தில் இல்லாதது நகலில் இருந்தால் அழித்துவிடும். அதற்குமுன் ‘ட்ரை ரன்’ என்ற ஒத்திகை உண்டு: என்ன செய்யப்போகிறது என்று சொல்லும், செய்யாது. அதைச் சோதிப்பது என் வேலை. திரையில் வரும் செய்திகளையெல்லாம் கோயமுத்தூர் மரியாதையில் எழுதிவைத்திருந்தான்.

“ஓட்டு ஸ்டீவ். ஒத்திகைக்கு என்னடா பயம்?” என்றான்.

ஓட்டினேன். மத்தியான வெக்கையில் எங்கிருந்தோ ஈரப் பஞ்சு வாடை வந்தது.

திரையில் எழுந்தது:

மூலம்: ராசாத்தாள். நகல்: யஷ்வந்த்.

“யாருடா இது?”

அவன் முகம் வெளுத்தது. “இந்த ரூம்ல வேல செஞ்ச அக்கா. மெஷின்ல வலது கை சிக்கிப் பிஞ்சுருச்சு. லோடு போகோணும்னு அப்பா மெஷின நிறுத்த உடல. செத்துப்போச்சு.”

நகல்ல வலது கை கூடுதலா இருக்குதுங்க. எடுத்துப்போடுறனுங்க.

அங்கே இல்லாத மெஷினின் இரும்புப் பற்கள் அவன் விரல்களைச் சீவின. தோல், சதை, நரம்பு எல்லாம் இழை இழையாகப் பிரிந்து காற்றில் இழுபட்டன. தோள் வரை.

“ஒத்திகைதானடா!” என்று அலறினான்.

அவன் எழுதிய புரோகிராமைப் பார்த்தேன். எல்லாப் படிகளும் ‘இது ஒத்திகையா?’ என்று கேட்டுக்கொண்டன. அழிக்கிற படியில் மட்டும் அந்தக் கேள்வி இல்லை. அதை எழுத மறந்திருந்தான்.

கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினேன்.

திரை அணையவில்லை.

நகல்ல மூச்சு கூடுதலா இருக்குதுங்க.

அவன் கழுத்து உள்ளே நசுங்கியது. கண்கள் பிதுங்கின. ரத்தத்தில் வழுக்கிய கீபோர்டில் மூலத்தையும் நகலையும் இடம் மாற்றி, இந்த முறை ஒத்திகை இல்லாமல் நிஜமாகவே ஓட்டினேன்.

மூலம்: யஷ்வந்த். நகல்: ராசாத்தாள். நகல்ல மூச்சு இல்லீங்க. சேத்துப்போடுறனுங்க.

யஷ்வந்த் இருமினான். பிழைத்தான்.

இப்போது ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் யாரோ மூச்சு விடுகிறார்கள், அவனோடு சேர்ந்து.

“அடக்குடா,” என்று கிசுகிசுத்தேன்.

அடக்கினான்.

அதுவும் அடக்கியது.