பேச வந்தவள்

பூட்டு திறக்க மறுத்தது. சாவியை வலது பக்கம் திருப்பினால் சும்மா சுற்றிக்கொண்டே போனது. இடது பக்கம் திருப்பினால் அசையவே இல்லை. தோளில் பை, கக்கத்தில் காகிதக் கட்டு, கழுத்தெல்லாம் வியர்வை. காலை பத்து மணிக்கே எழுத்தாளருக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. கதவை ஓங்கி ஓர் உதை விட்டார். திறந்துகொண்டது.

நாற்பத்தோரு துப்பறியும் நாவல்கள் எழுதியவர் அவர். தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே 'கொலைகாரர்'தான். "கொலைகாரர் வீடு எதுங்க?" என்று கேட்டால் தபால்காரர்கூடச் சிரிக்காமல் வழி சொல்வார். உண்மை வழக்குகள் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பழைய செய்தித்தாள்களை நறுக்கி நறுக்கி அலமாரி நிறைய வைத்திருந்தார். நீதிமன்ற வாசலில் வக்கீல்களோடு நின்று டீ குடிப்பார். ஓய்வு பெற்ற போலீஸ்காரர் யாராவது ரயிலில் மாட்டினால் இறங்கும்வரை விடமாட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கு நாற்பத்திரண்டாவது நாவல் ஐந்து மாதமாக ஒரு பக்கம்கூட நகரவில்லை. பத்திரிகை ஆசிரியர் தினமும் போன் செய்து, "சார், பிணம் விழுந்துச்சா?" என்று கேட்பார். "இன்னைக்கு விழுந்துடும்" என்று இவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதனால்தான் இந்த வீடு. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த இரண்டு அறைகளில் ஒரு டெலிபோன் ஆபரேட்டர் தனியாகக் குடியிருந்தாள். ஊரில் அவள் முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். குரல் தெரியாதவர்களே கிடையாது. 'நம்பர் சொல்லுங்க அக்கா' என்றுதான் அவளைக் குறிப்பிடுவார்கள். ஒரு மத்தியானம் யாரோ வந்து அவள் கழுத்தை நெரித்துவிட்டுப் போனார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்குச் சந்தோஷமாகச் சாவி கொடுத்தார். "தாராளமா இருங்க சார். யாரும் பதினஞ்சு நாளுக்கு மேல தங்கறதில்லை. தண்ணி கொஞ்சம் உப்பு, அதான்."

மனைவிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. வக்கீல் ஆபீசில் சுருக்கெழுத்து எழுதுகிறவள் அவள். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகவே சொல்வாள். அன்று காலை அவர் செருப்பை மாட்டும்போதுதான் ஆரம்பித்தாள்.

"நாப்பத்தோரு புக்குலயும் முதல் அத்தியாயத்துலயே ஒரு பொண்ணைக் கொன்னுடறீங்க. அதுல ஒருத்தியாவது வாயைத் திறந்து பேசியிருக்காளாங்க?"

"செத்தவ எப்படிம்மா பேசுவா?"

"செத்தப்புறம் இல்லை. சாகறதுக்கு முன்னாடி."

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தக் கடுப்போடுதான் வந்திருந்தார்.

முன்னறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. சுவரில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கீழே, பழைய டெலிபோன் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளிறிப்போய்ச் சதுரமாகத் தெரிந்தது. ரொம்ப நாள் மூடிவைத்த துணிப்பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்தார். வாசனை போகவில்லை.

உட்கார்ந்து எழுதினார்.

'கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவள் திறந்தாள். வந்தவனைப் பார்த்ததும் அவள்...'

அவள் என்ன சொல்லியிருப்பாள்? பேனா நின்றது.

வலது காதுக்குப் பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

பெருமூச்சு இல்லை. விம்மல் இல்லை. பேச ஆரம்பிக்கிறவர்கள் முதல் வார்த்தைக்கு முன்னால் இழுப்பார்களே, அந்த மூச்சு.

அவர் காத்திருந்தார்.

வார்த்தை வரவில்லை.

திரும்பிப் பார்த்தார். வெறும் சுவர். 'சே, காத்து' என்று சொல்லிக்கொண்டார். ஜன்னல் திரை ஆடவே இல்லை என்பதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்.

மறுநாளும் அது வந்தது. அதற்கு மறுநாளும். அவள் பேச வேண்டிய இடத்துக்குக் கதை வந்து நிற்கும்போதெல்லாம் காதருகே அந்த மூச்சு. பிறகு மௌனம். முதல் இரண்டு நாள் பயந்தது உண்மைதான். மூன்றாம் நாளிலிருந்து பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாகியது. வரப்போகிற தும்மல் மூக்கு நுனியில் நின்று வராமல் போனால் எப்படி இருக்கும்? நாளெல்லாம் அப்படி இருந்தது. மேஜையை இடம் மாற்றினார். ஜன்னலைச் சாத்தினார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார்.

பஞ்சுக்கு உள்ளே கேட்டது.

எட்டாம் நாள் எழுந்து ஒரு பழைய இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு நடந்தார். வழக்கு நடந்த காலத்தில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். இப்போது ஓய்வு பெற்று இரண்டு தெரு தள்ளி இருந்தார். பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த வீட்டைப் பத்தியா?" என்றார் திரும்பாமலே. "எல்லாம்தான் பேப்பர்ல வந்துச்சே சார்."

"பேப்பர்ல வராதது ஏதாவது?"

"ஒண்ணுமில்லை."

"அங்க ஒரு சத்தம் கேக்குது சார். யாரோ பேச வர்ற மாதிரி மூச்சை..."

பூவாளித் தண்ணீர் தொட்டியில் நிறைந்து வழிந்து அவர் கால்மேல் ஓடியது. அவர் நகரவில்லை.

"நாங்க போனப்ப உயிர் இருந்துச்சு" என்றார் கடைசியில். குரல் கிசுகிசுப்பாக இறங்கிவிட்டது. "அறிக்கையில அதை எழுதலை. ஆஸ்பத்திரிக்குத் தூக்காம விட்டுட்டீங்களேன்னு கேள்வி வரும்னு பெரிய அதிகாரி எழுத வேணாம்னுட்டாரு. நான்தான் சார் அவங்க தலையை மடியில வெச்சிருந்தேன். 'யாரும்மா? பேரை மட்டும் சொல்லும்மா'ன்னு கேட்டேன். என்னைப் பார்த்தாங்க. வாயைத் திறந்தாங்க. மூச்சை இழுத்தாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார்."

பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, "முப்பத்தெட்டு வருஷமா அடுத்த வார்த்தைக்குத்தான் காத்துட்டிருக்கேன்" என்றார்.

எழுத்தாளர் திரும்பி வந்தபோது மணி மூன்று. நல்ல வெயில். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக விழுந்த வெளிச்சத்தில் தூசி மிதந்தது. பயப்படுவதற்கு எந்த முகாந்திரமும் இல்லாத மத்தியானம்.

மறுபடி எழுதினார். 'வந்தவனைப் பார்த்ததும் அவள்...'

மூச்சு வந்தது. நின்றது.

ஐந்து மாத எரிச்சலும் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. பேனாவை விசிறி எறிந்துவிட்டு எழுந்து நின்று கத்தினார்.

"சொல்லித் தொலையேன்! என்னதான் சொல்ல வந்தே? என் வாயாலயாவது சொல்லித் தொலை!"

அறை அமைதியானது.

சைக்கிள் சத்தம் நின்றது.

இந்தத் தடவை மூச்சு காதருகே வரவில்லை. அவர் தொண்டைக்குள் வந்தது.

ஜில்லென்று ஒரு காற்று அவர் நெஞ்சை நிரப்பிக்கொண்டு இறங்கியது. அவர் இழுக்காத காற்று. அலறப் பார்த்தார், அலறல் தன் காதுக்கே கேட்கவில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

"ஹலோ, சொல்லுங்க" என்றாள் அவள்.

'நான்தான்' என்று சொன்னார். சொன்னதாக நினைத்தார். எதுவும் கேட்கவில்லை.

"ஹலோ... யாரும்மா பேசறது? இது என் வீட்டுக்காரர் போனாச்சே?"

'நான்தாம்மா, நான்தான்' என்று மறுபடி மறுபடி சொல்லப் பார்த்தார். உதடு அசைந்தது. ஆனால் அவர் நினைத்த சொல்லுக்கு அது அசையவில்லை. நாக்கு தன்பாட்டுக்குப் புரண்டது. தொண்டையில் கையை வைத்தால் அதிர்ந்தது. அந்தப் பேச்சு மட்டும் அவர் காதில் ஒரு பொட்டுக்கூட விழவில்லை.

"இருங்கம்மா, இருங்க. பேப்பர் எடுத்துக்கறேன். ம்... ம்... மெதுவா சொல்லுங்க."

ஜன்னல் கண்ணாடிக்கு ஓடினார். அதில் தெரிந்த தன் உதடுகளைப் பார்த்து வார்த்தையைப் பிடித்துவிடலாம் என்று பார்த்தார். வாய் நிதானமாக, மரியாதையாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசிக்கொண்டிருந்தது. ஒன்றும் பிடிபடவில்லை. முப்பது வருஷமாக அடுத்தவர் வழக்குகளை மோப்பம் பிடித்து அலைந்த மனிதர். கொலைகாரன் பெயர் அவர் வாயிலிருந்தே வெளியே போய்க்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும் அது எட்டவில்லை. கண்ணாடியை அறைந்தார். அழுகை வந்தது.

"அழாதீங்கம்மா" என்றாள் மனைவி, மறுமுனையில். அவரிடம் அல்ல.

பதினோரு நிமிஷம் ஆயிற்று. பிறகு இணைப்பு அறுந்தது. ஓர் இருமல் வந்தது. இருமலோடு சத்தமும் வந்தது. காகிதங்களை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

மனைவி அவருக்கு முன்பே ஆபீசிலிருந்து வந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பேர் சொன்னாளா?"

"சொன்னாங்க."

"யாரு? சொல்லு, யாரு?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஏன்? என் வாயாலதானே சொன்னா!"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"கதையா எழுதிடுவீங்களாம்."

கெஞ்சினார். கோபித்தார். இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தார். ஒன்றும் பலிக்கவில்லை. மறுநாளே அவள் போனில் கேட்டுக் குறித்த தாள்களைத் தன் ஆபீஸ் வக்கீலிடம் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் தானாகப் போய், அறிக்கையில் எழுதாமல் விட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழைய வழக்கைத் திறக்க மனு போட்டார்கள். எழுத்தாளர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். பிணம் விழவில்லை, விழவும் போவதில்லை என்று பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லிவிட்டார். யாராவது பேச்சுக் கொடுத்தால் இப்போதெல்லாம் தலையை ஆட்டுவதோடு நிறுத்திக்கொள்வார். அந்த வீட்டோடு அது முடிந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், ஆபீசிலிருந்து மனைவி கூப்பிட்டாள். பின்னால் யாரோ காகிதம் புரட்டும் சத்தம்.

"என்னம்மா, சொல்லு."

"உங்ககிட்ட இல்லைங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வக்கீல் சார் ஒரு சந்தேகம் கேக்கறாரு. அவங்ககிட்ட குடுங்க."

"முடியாது" என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார்.

மூச்சை இழுத்தது அவர் இல்லை.