கறுப்புப் பெட்டியும் கைரேகை அத்தையும்

மாலை நாலு மணி. தேநீர் வந்துவிட்டது. பெட்டியைக் காணவில்லை.

டிவிக்குக் கீழே, மர அலமாரியின் நடுத்தட்டில், கறுப்பு நிற மீடியா பிளேயர் ஒன்று பல வருடங்களாக உட்கார்ந்திருந்தது. இப்போது அங்கே தூசி படியாத நீள்சதுரம் ஒன்றுதான் மிச்சம். அதன் அருகில் கரண்ட் அடாப்டர் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. மேல்தட்டில், பிளாஸ்டிக் உறை போட்ட ரிமோட் எதுவும் தெரியாததுபோல் படுத்திருந்தது.

அன்றைய தினம் அந்த வீட்டு அம்மா இறந்து ஒரு வருடம். மகனும் மருமகளும் வந்திருந்தார்கள், அடுத்த தெருவிலிருந்து மகளும் வந்திருந்தாள். தேநீரோடு எல்லோரும் உட்கார்ந்து பெட்டியில் இருக்கும் வீட்டு வீடியோக்களைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்குப் பதிலாக எல்லோரும் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரத்தில் தேடல் முடிந்து சண்டை ஆரம்பித்தது. அண்ணன்தான் எடுத்தான் என்றாள் தங்கை. தங்கைதான் என்றான் அண்ணன். இனி இந்த வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சொன்னார்கள். அப்படிச் சொல்லிவிட்டு மகள் வாசற்படியை மிதித்து மாடிக்கு ஓடினாள், கைரேகை அத்தையைக் கூட்டிவர.

கைரேகை அத்தை போலீசில் கைரேகைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜோசியம் தெரியாது. ஆனால் குடியிருப்பில் பாதிப் பேர் இன்னமும் அவரைப் பார்த்ததும் உள்ளங்கையை நீட்டிக் கல்யாணம் எப்போது என்று கேட்பார்கள். விளக்கிச் சொல்லிச் சலித்துப்போன அத்தை, இப்போதெல்லாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, “கையை நல்லாக் கழுவு” என்று மட்டும் சொல்வார். ஓய்வுக்குப் பிறகு அவர் துலக்கிய பெரிய வழக்கு, ஸ்கூட்டர் கண்ணாடிகள் தொடர்ந்து உடைந்த வழக்கு. குற்றவாளி ஒரு காக்கை. அது குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவுமில்லை.

நாலரை மணிக்கு அத்தை உள்ளே வந்தார். யாரும் எதையும் தொடக்கூடாது என்றார். அதற்குள் எல்லோரும் எல்லாவற்றையும் இரண்டு முறை தொட்டிருந்தார்கள்.

வீட்டுப் பெரியவர் ஜன்னலை ஒட்டிப் போட்ட தன் நாற்காலியில் இருந்தார். லிஃப்ட்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட் மெக்கானிக்காக வாழ்நாள் முழுக்க மோட்டார் அறைகளில் நின்றவர். அந்த இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. காதுக்குப் பின்னால் மெஷின் வைத்திருந்தார். அவர் டிவி போட்டால் மேல்மாடியில் மாட்டிய காலண்டர் தானே தேதி கிழித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். அத்தை மேல்மாடிக்காரர்தான். அவர் அதை மறுத்ததில்லை.

“விடும்மா. போனா போகட்டும்,” என்றார் லிஃப்ட்காரர்.

அத்தை அவரை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்.

போனால் போகட்டும் என்று விடக்கூடிய பெட்டி இல்லை அது. அந்த வீட்டு வீடியோக்கள் எல்லாவற்றையும் எடுத்தது அம்மாதான். அதனால் ஒன்றில்கூட அவர் முகம் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் அவர் குரல் இருந்தது. பிள்ளைகள் தவழும்போதும், சைக்கிளிலிருந்து விழும்போதும், மகள் கல்லூரிக்குக் கிளம்பும்போதும் கேமராவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய கீச்சுக்குரல் ஒன்று விடாமல் பேசிக்கொண்டே இருக்கும். அதில் பாதி, அகலமான உடம்போடு எப்போதும் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும் கணவருக்கு: ஏங்க, நகருங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க. உன் குரலுக்குக் கதவுக் கீலைப்போல எண்ணெய் விடவா என்று அவர் கேலி செய்வார். போன வாரம்வரை, ஒரு வருடமாகத் தினமும் தட்டோடு உட்கார்ந்து, அந்தக் கீல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

அத்தை முதலில் வாசல் கதவைப் பார்த்தார். மதியம் சாப்பாடு முடிந்ததும் உள்சங்கிலியைப் போட்டது மருமகள். தன்னைக் கூப்பிட வந்தபோது அதைக் கழற்றியது மகள். இடையில் யாரும் வரவில்லை, போகவில்லை. பால்கனியில் கீழே இறங்க வழியில்லை. ஆக, பெட்டி வீட்டுக்குள்தான்.

“எல்லா இடத்திலயும் பார்த்தாச்சா?”

“அம்மா அலமாரியத் தவிர எல்லா இடத்திலயும் பார்த்தாச்சு அத்தை,” என்றாள் மகள். “அது பூட்டியே இருக்கு. அம்மா போனதுக்கப்புறம் அப்பா திறக்கவிடறதில்ல.”

அடுத்து மகன். டிவியும் பிளேயரும் விற்கும் பெரிய கடையில் வேலை. எந்த வீட்டுக்கு எந்தப் பெட்டி பொருந்தும் என்று அவனைக் கேட்காமல் ஊரில் யாரும் வாங்குவதில்லை என்பது அவனே சொன்ன தகவல். தங்கை அவனை நிபுணர் என்றுதான் கூப்பிடுவாள், மரியாதைக்காக அல்ல. இன்று அப்பாவுக்குப் புது பிளேயர் ஒன்று கொண்டுவந்திருந்தான். உள்ளங்கை அளவு, வாயால் சொன்னாலே படம் ஓடும். அதற்குச் சொந்தமாக டிஸ்க் கிடையாது. பழைய பெட்டியைக் கேபிளில் கோத்துவிட்டால் அதன் வயிற்றிலிருக்கும் வீடியோக்களைப் புதியது படித்துக்கொள்ளும். அதற்காகப் போன வாரமே பழைய பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போய், வீடியோக்களை எல்லாம் புது முறைக்கு மாற்றி, மெருகேற்றி, அப்பாவிடம் தூசி தட்டினேன் என்று மட்டும் சொல்லி முந்தாநாள்தான் திரும்ப வைத்தானாம். தேநீர் நேரத்தில் ஆச்சரியப்படுத்தலாம் என்று திட்டம்.

“கடைசியா டிவி போட்டது யாரு?” என்றார் அத்தை.

“நான்தான். சாப்பாட்டுக்கு முன்னாடி செய்தி பார்த்தேன்.”

“சத்தம் எவ்வளவு வச்ச?”

“இருபது. ஏன்?”

ஏன் என்று சொல்லும் பழக்கம் அத்தைக்குக் கிடையாது. எட்டி டிவியைப் போட்டார்.

விளம்பரம் ஒன்று வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, தேநீர்க் கோப்பைகள் தட்டில் இடம் மாறின, பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இடித்தார். சற்றுமுன்வரை சண்டையில் இருந்த அண்ணனும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். திரையின் மூலையில் எண் தெரிந்தது: நூறு. அத்தை அதை இருபதுக்கு இறக்கி, டிவியை அணைத்து, தன் காதைக் குடைந்துகொண்டார்.

பிறகு பெண்கள் இருவரையும் விசாரித்தார். சாப்பாட்டிலிருந்து தேநீர்வரை மகளும் மருமகளும் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு, அந்தப் பாத்திரங்கள் யாருக்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு துணித் திரைதான். மகன் பால்கனியில் தூங்கினான். லிஃப்ட்காரர் தன் அறையில் படுத்திருந்ததாகச் சொன்னார்.

“டிவி சத்தம் எதாவது கேட்டுச்சா?”

“இல்ல அத்தை,” என்றாள் மருமகள்.

“இல்லவே இல்ல. அண்ணி சொல்றது சரி,” என்றாள் மகள். இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது என்பதால் இருவருக்குமே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

கிளம்புவதுபோல எழுந்த அத்தை, மகளிடம் அப்பாவின் உடம்பு எப்படி என்று சும்மா கேட்டார். போன வாரம் தனியாகப் போய்க் காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை என்று மகள் குறைபட்டாள்.

அத்தை தலையாட்டினார். பிறகு மூன்று பேரையும் கீழே போய்க் குப்பைத் தொட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கதவு உள்பக்கம் பூட்டியிருந்த வீட்டிலிருந்து பெட்டி எப்படிக் குப்பைத் தொட்டிக்குப் போகும் என்று நிபுணருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

மணி ஐந்து. கூடத்தில் இரண்டு பேர்தான்.

“அண்ணே, சாவியக் குடுங்க.”

எந்தச் சாவி என்று லிஃப்ட்காரர் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அம்மாவின் அலமாரியில் துணிகள் மடித்தது மடித்தபடி இருந்தன. நடுவில், சாம்பல் நிறச் சால்வைக்குள் கறுப்புப் பெட்டி. குழந்தையைப்போலச் சுற்றி வைத்திருந்தார். அத்தை அதை எடுத்துவந்து அவர் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“எடுத்தவங்க அடாப்டர விட்டுட்டுப் போயிருக்காங்க. அப்போ, போட்டுப் பார்க்க எடுக்கல. உங்க மகளுக்கு அது வேணும், அவ அடாப்டரோட எடுத்திருப்பா. மகன் எடுக்கமாட்டான், பழசு இல்லாம அவன் புதுப்பெட்டி வெறும் டப்பா. மருமக சமையலறைய விட்டு வரல. மிச்சம் நீங்க.”

அவர் பெட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இருந்தாலும் சத்தம் நூறுல நின்னதுதான் எனக்குக் காட்டிக்குடுத்துச்சு,” என்றார் அத்தை. “காது நல்லா இருக்கிறவன் சத்தம் வரலைன்னா பெட்டியச் சந்தேகப்படுவான். வயர ஆட்டுவான், மண்டையில ஒண்ணு போடுவான். தன் காதையே சந்தேகப்படுறவர்தான் நூறு வரைக்கும் ஏத்திக்கிட்டே போவார்.”

லிஃப்ட்காரர் பேச ஆரம்பித்தார். டாக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். மெல்லிய குரல்கள்தான் முதலில் போகுமாம். பெண்கள் குரல், குழந்தைகள் குரல். மோட்டார் இரைச்சல் கடைசிவரை கேட்குமாம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எப்போது போகும் என்று டாக்டர் சொல்லவில்லை. அதன் பிறகு பெட்டியைப் போட்டுப் பார்க்கவே அவருக்குப் பயம். இன்றைக்கு எல்லோரும் உட்காருவதற்கு முன்னால் தனியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று, கூடத்தில் யாரும் இல்லாத நேரத்தில் போட்டிருக்கிறார்.

“படம் ஓடுது. பிள்ளைங்க வாய் அசையுது. அவ இல்ல. ஏத்தி ஏத்திப் பார்த்தேன் தங்கச்சி, அவ இல்ல. போன வருஷம் ஆளு போனா. இன்னைக்கு மிச்சமும் போயிருச்சு.” மடியிலிருந்த சால்வையைச் சரி செய்தார். “நாலு மணிக்கு எல்லாரும் உட்கார்ந்து கேப்பாங்க. சிரிப்பாங்க. நானும் கேக்கிற மாதிரி நடிக்கணும். அது எனக்கு வராது.”

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போலீசில் அவர் முன்னால் பல பேர் அழுதிருக்கிறார்கள், அவர் கண்ணாடியைத் துடைத்ததில்லை.

“அண்ணே, நீங்க ஒண்ண யோசிக்கல. நான் டிவி போட்டப்போ பக்கத்து வீட்டுக்காரர் சுவர இடிச்சார். நீங்க அதே நூறுல வச்சுக் கேட்டிருக்கீங்க. யாராவது இடிச்சாங்களா? திரைக்கு அந்தப் பக்கம் நல்ல காதோட ரெண்டு பொம்பளைங்க. அவங்களுக்கும் கேக்கல. பால்கனியில தூங்கினவன் முழிக்கல. உங்க காதுக்கு மட்டும் வராம இருந்திருந்தா இந்தக் கட்டடமே எழுந்திருக்கும். பெட்டியில இருந்தே சத்தம் வரல.”

லிஃப்ட்காரர் தலையை நிமிர்த்தினார்.

“இன்னொண்ணு. சத்தம் போட்டுச் சண்டை பிடிச்சாளே உங்க மக, அது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“அவளுக்கும் அவங்கம்மா குரல்தான். அதே கீல்.”

குப்பைத் தொட்டிக்குப் போனவர்கள் அதன் வாசனையோடு திரும்பினார்கள். பெட்டியை அப்பாவின் மடியில் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். எடுத்தது யார் என்று அத்தை சொல்வதற்குள் லிஃப்ட்காரரே கையைத் தூக்கினார், வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி. ஏன் எடுத்தார் என்பதை அத்தை சுருக்கமாகச் சொன்னார். மகள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நிபுணரே,” என்றார் அத்தை. “மெருகேத்தினியே, அதப் பழைய பெட்டியில போட்டுக் காட்சியோட சத்தமும் வருதான்னு பார்த்தியா?”

மகன் புதுப் பெட்டியில்தான் போட்டுப் பார்த்திருக்கிறான். அருமையாக இருந்தது. பழைய பெட்டி புது முறையில் பதிந்த படத்தை எப்படியோ காட்டிவிடும், ஆனால் அந்தச் சத்தத்தைப் படிக்க அதற்குத் தெரியாது. கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அவன் தினமும் ஒப்பிக்கும் பாடம் அது: படம் ஓடுதேன்னு நம்பாதீங்க சார், உங்க வீடியோவோட சத்தம் இந்தப் பெட்டிக்குப் புரியுதான்னு கேட்டுப் பார்த்து வாங்குங்க. ஊருக்கெல்லாம் சொன்னவன் அப்பாவின் பெட்டியில் மட்டும் கேட்டுப் பார்க்கவில்லை.

“அப்பா,” என்றான். அவர் மடியிலிருந்த பெட்டியை வாங்கி டிவிக்குக் கீழே வைத்து, புது பிளேயரின் அட்டையைப் பிரித்தான். கேபிள் முனையைத் தலைகீழாகப் பிடித்துத் துளையில் திணித்துக்கொண்டிருந்தான். தங்கை எழுந்துபோய் அவனிடமிருந்து வாங்கிச் சொருகினாள்.

“சத்தத்தக் கூட்டவா அப்பா?”

“இருபதே இருக்கட்டும்,” என்றார் லிஃப்ட்காரர். “எதுவரைக்கும் கேக்குதுன்னு பார்ப்போம்.”

திரையில் இதே கூடம் வந்தது, பழைய பெயிண்ட் அடித்த சுவரோடு. சிறுவன் ஒருவன் ஸ்டூலில் ஏறி நின்றான். கைக்குழந்தை ஒன்று தரையில் எதையோ மென்றது. ஜன்னலை அடைத்துக்கொண்டு, சட்டையில் கிரீஸ் கறையோடு, அகலமான முதுகு ஒன்று நின்றது.

சில நொடிகள் ஒன்றும் இல்லை. லிஃப்ட்காரரின் கை நாற்காலிக் கட்டையை இறுக்கிப் பிடித்தது. அத்தை திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு குரல் வந்தது. மெல்லியதாக, எண்ணெய் காணாத கீலைப்போல.

“ஏங்க, நகருங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. லிஃப்ட்காரர் மடியிலிருந்த சால்வையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நாற்காலியைத் தூக்கி ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டு, மறுபடி உட்கார்ந்தார்.